சிறிய பெட்ரோல் எஞ்சினைப் பேணும் முறை: எரிபொருள் ஊற்றுதலும் எண்ணெய் அளவு பார்த்தலும்

உழவுத் தொழிலில் மனிதனின் முதுகும் மாட்டின் கழுத்தும் நெடுங்காலமாகச் சுமந்து வந்த பாரத்தில் ஒரு பகுதியை இன்று சிறிய எஞ்சின்கள் ஏற்றுக் கொண்டிருக்கின்றன. 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி சமுதாய நலத் திட்டம் தொடங்கப் பெற்றபோது, நம் கிராமங்களில் கவலை ஏற்றமே பெரும்பாலும் நீர் இறைத்து வந்தது. பின்னர் ஆயில் எஞ்சின் வந்தது. மின்சார மோட்டார் வந்தது. இப்பொழுது களையெடுப்பதற்கும், மருந்து தெளிப்பதற்கும், புதர் வெட்டுவதற்கும், வாய்க்காலிலிருந்து நீர் இறைப்பதற்கும் ஒருவர் அல்லது இருவர் தூக்கிச் செல்லக்கூடிய பெட்ரோல் எஞ்சின்கள் வந்துள்ளன. 2014-15-ஆம் ஆண்டில் தொடங்கிய வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின் வாயிலாக இத்தகைய கருவிகள் பலவற்றுக்கு மானியம் வழங்கப்பட்டதனால், சிறு விவசாயிகளிடமும் இவை பரவியுள்ளன. பஞ்சாயத்துகளிலும் கொசு ஒழிப்புப் புகை அடிக்கும் கருவி, மின்சாரம் தடைப்படும்போது உதவும் ஜெனரேட்டர், சாலையோரப் புதர் வெட்டும் கருவி ஆகியவை உபயோகத்தில் உள்ளன.

இவற்றை வாங்குவோர் விலையையும் குதிரைத் திறனையும் கவனித்து வாங்குகின்றனர். ஆயினும் நாள்தோறும் செய்ய வேண்டிய இரண்டு சிறு காரியங்களை முறையாகக் கற்றுக் கொள்வதில்லை. ஒன்று, பெட்ரோல் ஊற்றுதல். மற்றொன்று, எண்ணெய் அளவு பார்த்தல். முன்னதில் அஜாக்கிரதையாக இருந்தால் உயிருக்கும் உடைமைக்கும் ஆபத்து. பின்னதை மறந்தால் களையெடுக்கும் பருவத்தின் நடுவிலே எஞ்சின் இறுகி நின்றுவிடும். இரண்டையும் செய்வதற்கு ஐந்து நிமிடங்களே ஆகும். அவற்றைச் செய்யும் முறையும், அம்முறைக்கான காரணங்களும் இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன.

பெட்ரோலின் இயல்பு

கிராமத்தில் எல்லோரும் மண்ணெண்ணெயைக் கையாண்டு பழகியவர்கள். அந்தப் பழக்கத்தையே பெட்ரோலிடமும் காட்டுவதுதான் பெரும்பாலான விபத்துகளுக்குக் காரணமாகும். ஒரு தட்டில் மண்ணெண்ணெயை ஊற்றி அதன் அருகில் தீக்குச்சியைக் கொண்டு சென்றால் உடனே தீப்பிடித்துவிடாது. தீப்பற்றக்கூடிய அளவு ஆவி எழுவதற்கு மண்ணெண்ணெய் 35 பாகை சென்டிகிரேடுக்கு மேல் சூடாக வேண்டும். பெட்ரோலோ பூஜ்யத்திற்குக் கீழே 40 பாகைக் குளிரிலும் அத்தகைய ஆவியை விடக்கூடியது. நம் நாட்டு வெயிலில் திறந்து வைத்த பெட்ரோல் பாத்திரத்தைச் சுற்றி எந்நேரமும் ஆவி சூழ்ந்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

இந்த ஆவி கண்ணுக்குப் புலப்படாது. அது காற்றைக் காட்டிலும் மூன்று முதல் நான்கு மடங்கு கனமானது. ஆகையால் மேலே எழுந்து கலைந்து போகாமல், தரையோடு தரையாகத் தவழ்ந்து பள்ளமான இடங்களில் தங்குகிறது. திண்ணையில் வைத்துப் பெட்ரோல் ஊற்றும்போது எழும் ஆவி, வாயிற்படியைத் தாண்டி உள்ளே எரியும் அடுப்பைச் சென்று அடையக்கூடும். அங்கே பற்றும் தீ, வந்த வழியே ஓடிப் பாத்திரத்தைப் பற்றும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு ஆவி கலந்திருந்தாலே தீப்பற்றுவதற்குப் போதுமானது. ஆகவே “அடுப்பு தூரத்தில்தானே இருக்கிறது” என்று எண்ணி இருந்துவிடலாகாது.

சூடான எஞ்சினில் ஊற்றலாகாது

வயலில் வேலை செய்து கொண்டிருக்கும்போது பெட்ரோல் தீர்ந்து எஞ்சின் நின்றுவிடுகிறது. கூலியாட்கள் காத்திருக்கின்றனர், பொழுதும் போகிறது. அவசரத்தில் உடனே மூடியைத் திறந்து பெட்ரோல் ஊற்றுகின்றனர். இதுவே மிகவும் அபாயமான நேரமாகும். சிறிய எஞ்சின்களில் பெட்ரோல் டாங்கிக்கும் சைலன்சருக்கும் இடையே உள்ள தூரம் ஒரு சாண் அளவே இருக்கும். 250 முதல் 280 பாகை வரையில் சூடான பொருளின்மீது பெட்ரோல் பட்டால், தீப்பொறி எதுவும் இல்லாமலே அது தானாகப் பற்றிக்கொள்ளக்கூடும். முழுப் பாரத்தில் ஓடி நின்ற எஞ்சினின் சைலன்சர் அந்தச் சூட்டை எட்டியிருக்கலாம்.

ஆகவே எஞ்சினை நிறுத்திய பிறகு பத்து முதல் பதினைந்து நிமிடம் ஆறவிட வேண்டும். அந்த நேரம் வீணாகாது. ஆட்கள் நீர் அருந்தி இளைப்பாறலாம். களைக்கொத்தில் சுற்றிய கொடிகளை அகற்றலாம். காற்று வடிகட்டியைத் திறந்து தூசு தட்டலாம். இதைவிடச் சிறந்த வழி, காலையில் வேலை தொடங்குமுன் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே டாங்கியை நிரப்புவதும், பிறகு உணவு இடைவேளையின் முடிவில் மீண்டும் நிரப்புவதும் ஆகும். வேலையின் நடுவில் ஊற்ற வேண்டிய நிலையே பெரும்பாலும் ஏற்படாது.

ஊற்றும் முறை

முதலாவதாக, இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். திறந்தவெளியாகவும், தரை சமமாகவும், காய்ந்த வைக்கோல், சருகு இல்லாததாகவும் இருத்தல் வேண்டும். வீட்டினுள்ளும், மாட்டுக் கொட்டகையிலும், மோட்டார் அறையிலும் ஊற்றலாகாது. மோட்டார் ஸ்விட்சைப் போடும்போது எழும் சிறு பொறியே போதுமானது. அருகில் பீடி, சுருட்டுப் பிடிப்போரை விலகச் சொல்ல வேண்டும். குழந்தைகளை அண்டவிடலாகாது.

இரண்டாவதாக, எஞ்சினைத் தரையில் இறக்கி வைக்க வேண்டும். முதுகில் மாட்டிய தெளிப்பானைக் கழற்றாமல், மற்றொருவர் பின்னால் நின்று பெட்ரோல் ஊற்றும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. சிந்தும் பெட்ரோல் ஆடையில் ஊறும். எஞ்சினைக் கிளப்பும்போது ஆளே தீப்பற்றிக் கொள்ளும் நிலை நேரும். இவ்வழக்கம் அறவே ஒழிய வேண்டும்.

மூன்றாவதாக, டாங்கி மூடியைச் சுற்றியுள்ள மண்ணையும் தூசையும் துணியால் துடைத்துவிட்டு மூடியை மெதுவாகத் திருக வேண்டும். உள்ளே அடைபட்டிருந்த ஆவி அழுத்தத்துடன் வெளியேறும். ஒரே வீச்சில் திறந்தால் பெட்ரோல் முகத்தில் தெறிக்கக்கூடும்.

நான்காவதாக, வலை பொருத்திய புனலை வைத்துச் சீராக ஊற்ற வேண்டும். கழுத்து வரையில் நிரப்பலாகாது. வாயிலிருந்து ஓர் அங்குலம் காலியாக விட வேண்டும். பெட்ரோல் சூட்டில் விரியும் தன்மையுடையது. பத்து பாகை சூடு ஏறினால் நூற்றுக்கு ஒரு பங்கு அளவு கூடும். அதிகாலையில் பத்து லிட்டராக இருந்த பெட்ரோல், வெயில் ஏறி இருபது பாகை சூடு மிகுந்தால் ஏறத்தாழ 200 மில்லிலிட்டர் பெருகிவிடும். இடம் இல்லையெனில் அது மூடியின் வழியே கசிந்து சைலன்சரின்மேல் வழியும்.

ஐந்தாவதாக, எஞ்சினின் மூடியையும் பெட்ரோல் பாத்திரத்தின் மூடியையும் இறுக்கி மூட வேண்டும். சிந்தியிருந்தால் துடைத்து உலரவிட வேண்டும். பிறகு எஞ்சினை ஊற்றிய இடத்திலிருந்து பத்தடி தூரமாவது அப்பால் கொண்டு சென்றே கிளப்ப வேண்டும். ஊற்றிய இடத்தில் தங்கிய ஆவி ஸ்பார்க் பிளக்கின் பொறியால் பற்றாதிருக்க இது உதவும். ஆடையில் சிந்தியிருந்தால் அதை மாற்றிக் கொண்ட பின்னரே வேலையில் இறங்க வேண்டும்.

வாயால் உறிஞ்சும் வழக்கம்

மோட்டார் சைக்கிளிலிருந்து ஒரு ரப்பர் குழாய் வைத்து, வாயால் உறிஞ்சிப் பெட்ரோல் எடுப்பது கிராமங்களில் சாதாரணமாகக் காணும் காட்சியாகும். ஒரு வாய் பெட்ரோலை விழுங்கிவிட்டால் வயிற்று வலியோடு போய்விடும் என்று பலர் நினைக்கின்றனர். வயிற்றைவிட நுரையீரலுக்கே ஆபத்து அதிகம். பெட்ரோல் மிகவும் நீர்த்த திரவமாதலால், புரையேறும்போது சிறிதளவு நுரையீரலுக்குள் சென்றாலும் அங்கே பரவிக் கடுமையான அழற்சியை உண்டாக்கும். அது உயிரையும் பறிக்கக்கூடும். தவறி விழுங்கியவரை வாந்தி எடுக்கச் செய்யவே கூடாது. வாந்தியின்போது மறுபடியும் அது நுரையீரலுக்குள் செல்லும். உப்புக் கரைசல் முதலியவற்றைக் கொடுக்காமல், 108 ஊர்தியை அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். கையால் அழுத்தி எடுக்கும் சிறு பம்பு கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. அதனையே உபயோகிக்க வேண்டும்.

பெட்ரோலில் கை கழுவுவதும், கிரீஸ் பிடித்த பாகங்களைப் பெட்ரோலில் அலம்புவதும் தவறு. பெட்ரோலில் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பென்சீன் என்னும் பொருள் சிறிதளவு கலந்துள்ளது. கைக்குச் சவர்க்காரமும் தண்ணீரும் போதுமானவை.

பெட்ரோலைச் சேமித்து வைத்தல்

1934-ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டப்படி, விற்பனைக்கு அல்லாமல் சொந்த உபயோகத்திற்காக ஒருவர் உரிமம் இன்றி வைத்துக் கொள்ளக்கூடிய பெட்ரோல் மொத்தம் 30 லிட்டருக்கு மேற்படலாகாது. அதனையும் இறுக மூடிய பாத்திரத்தில் வைக்க வேண்டும். உலோகப் பாத்திரமானால் ஒவ்வொன்றும் 25 லிட்டருக்கு மேற்படலாகாது. கண்ணாடிப் பாத்திரமானால் ஒரு லிட்டருக்கு மேற்படலாகாது. குடிநீர் விற்கும் பிளாஸ்டிக் பாட்டில்களில் பெட்ரோல் வாங்கி வைப்பது எவ்விதத்திலும் ஏற்கத்தக்கதன்று. தாகத்துடன் வரும் குழந்தை அதனைத் தண்ணீர் என்று எண்ணிக் குடித்துவிடக்கூடும் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். பாத்திரத்தின்மீது “பெட்ரோல்” என்று பெரிய எழுத்தில் எழுதி, வீட்டிற்கு வெளியே, நிழலில், பூட்டிய இடத்தில் வைக்க வேண்டும்.

பாத்திரத்தை நிரப்பும்போது வண்டியின் மீதே வைத்து நிரப்பலாகாது. தரையில் இறக்கி வைத்தே நிரப்ப வேண்டும். பெட்ரோல் ஓடும்போது நிலை மின்சாரம் உண்டாகிறது. தரையில் உள்ள உலோகப் பாத்திரத்திலிருந்து அது பூமிக்குள் இறங்கிவிடும். ரப்பர் அல்லது பிளாஸ்டிக் விரிப்பின்மேல் இருந்தால் இறங்க வழியின்றிப் பொறியாகத் தாவக்கூடும்.

இன்று விற்கப்படும் பெட்ரோலில், கரும்பு ஆலைக் கழிவுப்பாகிலிருந்தும் தானியங்களிலிருந்தும் எடுக்கப்படும் எத்தனால் என்னும் சாராயம் கலக்கப்படுகிறது. நாட்டில் இக்கலப்பு 2022-ஆம் ஆண்டில் 10 சதவீதத்தையும், 2025-ஆம் ஆண்டில் 20 சதவீதத்தையும் எட்டியது. கரும்பும் மக்காச்சோளமும் பயிரிடும் உழவர்களுக்கு இதனால் பயன் உண்டு. ஆயினும் எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. நீர் ஓர் அளவுக்கு மேல் சேர்ந்தால், எத்தனாலும் நீரும் ஒன்றாகப் பிரிந்து டாங்கியின் அடியில் தங்கும். எஞ்சின் முதலில் உறிஞ்சுவதும் அந்த அடிப்பகுதியையே. எஞ்சின் கிளம்பாமைக்கும், கார்புரேட்டர் அரித்துப் போவதற்கும் இது காரணமாகிறது. எனவே ஒரு மாதத்திற்குத் தேவையானதற்கு மேல் வாங்கி வைத்தல் கூடாது. ஒரு மாதத்திற்கு மேல் எஞ்சினுக்கு வேலை இல்லையெனில், டாங்கியைக் காலி செய்து, பெட்ரோல் திருகை மூடி, எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓடவிட்டால் கார்புரேட்டரும் காலியாகிவிடும்.

சிறிய எஞ்சின் உற்பத்தியாளர் பலர், தம் புத்தகங்களில் 10 சதவீத எத்தனாலையே உச்ச வரம்பாகக் குறித்துள்ளனர். தம்மிடமுள்ள எஞ்சினுக்கு 20 சதவீதக் கலப்பு ஏற்றதா என்பதை விற்பனையாளரிடம் எழுத்து மூலம் கேட்டுத் தெரிந்துகொள்வது நலம். பழைய எஞ்சின்களில் ரப்பர் குழாய் உப்பியிருக்கிறதா, வெடித்திருக்கிறதா, கசிகிறதா என்று வாரம் ஒருமுறை பார்த்து, பழுதானதை உடனே மாற்ற வேண்டும்.

எஞ்சின் எவ்வகை என்று அறிதல்

எண்ணெய் பார்க்கும் முன், எஞ்சின் இரண்டு ஸ்ட்ரோக் வகையா, நான்கு ஸ்ட்ரோக் வகையா என்று அறிய வேண்டும். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்குத் தனியான எண்ணெய் அறை கிடையாது. பெட்ரோலுடன் கலந்து ஊற்றும் எண்ணெயே அதன் உட்பாகங்களுக்கு வழவழப்பைத் தருகிறது. கலக்காத பெட்ரோலை ஊற்றினால் சிறிது நேரத்திலேயே பிஸ்டன் உருளையோடு இறுகிவிடும். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு எண்ணெய் ஊற்றத் தனி வாயும், அளவு பார்க்கும் கம்பியும் இருக்கும். அதன் டாங்கியில் கலப்பற்ற பெட்ரோலையே ஊற்ற வேண்டும். தோளில் மாட்டும் தெளிப்பான், புதர் வெட்டும் கருவி ஆகியவை இரு வகையிலும் விற்கப்படுவதால், வெளித்தோற்றத்தைக் கொண்டு முடிவு செய்தல் கூடாது.

இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்குரிய கலப்பு விகிதம் டாங்கி மூடியிலோ புத்தகத்திலோ குறிக்கப்பட்டிருக்கும். விகிதப்படி ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சேர்க்க வேண்டிய எண்ணெய் வருமாறு:

25-க்கு 1 எனில் 40 மில்லிலிட்டர்.
40-க்கு 1 எனில் 25 மில்லிலிட்டர்.
50-க்கு 1 எனில் 20 மில்லிலிட்டர்.

மருந்துக் கடையில் கிடைக்கும் அளவுக் குவளையால் அளக்க வேண்டும், கைக்கணக்கு ஆகாது. கலவையை டாங்கியிலே கலக்காமல், தனிப் பாத்திரத்தில் கலந்து குலுக்கிய பின்னரே ஊற்ற வேண்டும். கலந்த பெட்ரோல் பாத்திரத்திற்குச் சிவப்புக் கோடும், கலக்காததற்கு வெள்ளைக் கோடும் இட்டு வைத்தால், எழுதப் படிக்கத் தெரியாதவரும் தவறு செய்யமாட்டார்.

எண்ணெய் ஆற்றும் பணி

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் நிமிடத்திற்கு 3,000 சுற்றுச் சுழல்கிறது என்று கொள்வோம். அப்படியானால் நொடிக்கு ஐம்பது சுற்று ஆகிறது. அந்த ஒரு நொடிக்குள் பிஸ்டன் உருளைக்குள் ஐம்பது முறை மேலேறி ஐம்பது முறை கீழிறங்குகிறது. உலோகத்தோடு உலோகம் உராயாமல் இடையே மெல்லிய படலமாக நிற்பது எண்ணெய்தான். உராய்வைக் குறைப்பதோடு, சூட்டை வெளியே கடத்துவதும், கரியையும் உலோகத் துகளையும் தன்னுள் ஏந்திக்கொள்வதும், பிஸ்டன் வளையங்களின் இடுக்கை அடைத்து ஆவி கசியாமல் காப்பதும் அதன் பணிகளாகும்.

சிறிய எஞ்சின்கள் பலவற்றில் எண்ணெயைச் செலுத்தப் பம்பு கிடையாது. இணைப்புக் கம்பியின் அடியில் உள்ள சிறு கரண்டி போன்ற உறுப்பு, ஒவ்வொரு சுற்றிலும் எண்ணெயில் மோதி அதனை எங்கும் தெறிக்கச் செய்கிறது. எண்ணெய் மட்டம் சற்றுத் தாழ்ந்தாலும் கரண்டி எண்ணெயைத் தொடாது. ஐந்து குதிரைத் திறன் அளவுள்ள எஞ்சினில் இருப்பதே 600 மில்லிலிட்டர் எண்ணெய்தான். தோளில் மாட்டும் சிறிய எஞ்சினில் 100 மில்லிலிட்டர் அளவே இருக்கும். இவ்வளவு சிறிய கையிருப்பில் ஒரு கை எண்ணெய் குறைந்தாலும் அது பெருங்குறையே ஆகும். அதிகமாக ஊற்றுவதும் கேடாகும். எண்ணெய் நுரைத்து, காற்று வடிகட்டியை நனைத்து, நீலப் புகையாக வெளியேறும், எஞ்சின் சூடேறும்.

அளவு பார்க்கும் முறை

எஞ்சினைச் சமதரையில் நிமிர்த்தி வைக்க வேண்டும். களையெடுக்கும் எஞ்சினை வரப்பின்மேல் சாய்த்து வைத்துப் பார்த்தால் அளவு பொய்யாகும். இரண்டு சக்கர எஞ்சினாயின் முன்புறம் கட்டை வைத்து மட்டப்படுத்திக் கொள்ளலாம். ஓடி நின்ற எஞ்சினானால், மேலே தெறித்துள்ள எண்ணெய் கீழே இறங்கும்படி சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். காலையில் கிளப்பும் முன் பார்ப்பதே எல்லாவற்றிலும் சிறந்தது.

மூடியைச் சுற்றித் துடைத்த பிறகே திறக்க வேண்டும். அங்கே ஒட்டியுள்ள ஒரு சிட்டிகை மணல் உள்ளே விழுந்தால், அது எண்ணெயோடு சேர்ந்து சாணைக்கல்லைப் போல் உலோகத்தைத் தேய்க்கும். கம்பியை எடுத்துச் சுத்தமான பருத்தித் துணியால் துடைத்து, மறுபடியும் செருகி, எடுத்துப் பார்க்க வேண்டும். சில எஞ்சின்களில் கம்பியைத் திருகாமல் வெறுமனே செருகிப் பார்க்க வேண்டும். வேறு சிலவற்றில் முழுவதும் திருகிப் பார்க்க வேண்டும். இது உற்பத்தியாளரின் புத்தகத்தில் குறிக்கப்பட்டிருக்கும். இதனைக் கவனியாமல் பார்த்தால் அளவு மாறிவிடும். கம்பியில் மேற்கோடு, கீழ்க்கோடு என இரண்டு கோடுகள் இருக்கும். எண்ணெய் மேற்கோட்டை ஒட்டியிருக்க வேண்டும். குறைந்திருந்தால் சிறிது சிறிதாக ஊற்றி, ஒவ்வொரு முறையும் அளந்து பார்க்க வேண்டும். மேற்கோட்டைத் தாண்டிவிட்டால் மிகுதியை வடித்துவிட வேண்டும்.

அளவோடு எண்ணெயின் குணத்தையும் பார்த்தல் வேண்டும். பால் போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துள்ளது. ஊற்றாமலே மட்டம் உயர்ந்து பெட்ரோல் வாடை அடித்தால், கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் எண்ணெய் அறைக்குள் கசிகிறது என்று பொருள். அந்த எஞ்சினைக் கிளப்பாமல் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். உலோகப் பொடி மினுமினுத்தால் உட்பாகம் தேய்கிறது. விரல்களுக்கிடையே தேய்க்கும்போது நீர்த்துப் போனதாகவோ, கருத்துக் குழம்பு போலவோ இருந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது.

எந்த எண்ணெய், எப்பொழுது மாற்றுவது

எண்ணெயின் தடிப்பு எஸ்.ஏ.இ. என்னும் எண்ணால் குறிக்கப்படுகிறது. சிறிய நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின்களுக்கு எஸ்.ஏ.இ. 30, 10டபிள்யூ-30, 20டபிள்யூ-40 முதலிய வகைகள் உற்பத்தியாளர்களால் குறிக்கப்படுகின்றன. புத்தகத்தில் உள்ள எண்ணையே கடையில் கேட்டு வாங்க வேண்டும். டிராக்டரிலிருந்து வடித்த பழைய எண்ணெயை வடிகட்டி ஊற்றும் சிக்கனம், எஞ்சினையே விலையாகக் கேட்கும்.

புதிய எஞ்சினின் முதல் எண்ணெயை 20 மணி நேர ஓட்டத்திற்குப் பின் மாற்றிவிட வேண்டும். புதிய பாகங்கள் தேய்ந்து படியும் துகள்கள் அதில் மிகுதியாக இருக்கும். அதன் பிறகு எஞ்சினுக்கு ஏற்ப 50 அல்லது 100 மணி நேரத்திற்கு ஒருமுறை மாற்ற வேண்டும். நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் ஓடும் எஞ்சினுக்கு 50 மணி என்பது பத்து நாட்களே. புழுதியிலும் கடுங்கோடையிலும் இன்னும் முன்னதாக மாற்றுதல் நலம். பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் எஞ்சின்களில், எரியாத மண்ணெண்ணெய் எண்ணெயில் இறங்கி அதனை நீர்க்கச் செய்யுமாதலால், அவற்றிற்கு எண்ணெய் விரைவில் மாற்ற வேண்டும். நிறுத்துவதற்கு முன் மறுபடியும் பெட்ரோலில் சிறிது நேரம் ஓட்டுவதும் அவசியம்.

எஞ்சின் மிதமான சூட்டில் இருக்கும்போது வடித்தால் அழுக்கு முழுவதும் எண்ணெயோடு வந்துவிடும். வடித்த எண்ணெயை வாய்க்காலிலோ கிணற்றோரத்திலோ ஊற்றலாகாது. பழைய எண்ணெய் 2016-ஆம் ஆண்டின் விதிகளின்படி அபாயகரமான கழிவாகக் கருதப்படுகிறது. மூடிய டின்னில் சேர்த்து வைத்து, முறையாகச் சேகரிப்போரிடம் ஒப்படைக்க வேண்டும்.

கிணற்றுக்குள் எஞ்சினை இறக்குதல் மரணத்தை அழைப்பதாகும்

தரையில் வைத்த பம்பு, நடைமுறையில் ஏழு மீட்டர் ஆழத்திற்கு மேல் நீரை உறிஞ்சி எடுக்க இயலாது. காற்றின் அழுத்தமே நீரை மேலே தள்ளுவதால், எஞ்சினின் திறனைக் கூட்டினாலும் இந்த வரம்பு மாறாது. கோடையில் நீர் மட்டம் இறங்கும்போது, சிலர் பெட்ரோல் எஞ்சினையே கிணற்றுக்குள் இறக்கி ஓட்டுகின்றனர். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு என்னும் வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் பிராணவாயு சேரும் இடத்தை, அதனைவிட இருநூறு மடங்குக்கும் மிகுந்த வலிவுடன் அது பற்றிக்கொள்கிறது. காற்றோட்டமில்லாத கிணற்றில் இறங்கியவர் தலை சுற்றி விழுகிறார். அவரைக் காப்பாற்ற இறங்குபவரும் விழுகிறார். ஒரே குடும்பத்தில் இருவர் மூவரை இழக்கும் துயரம் இவ்வாறே நிகழ்கிறது.

எனவே பெட்ரோல் எஞ்சினைக் கிணற்றுக்குள்ளோ மூடிய அறைக்குள்ளோ ஓட்டவே கூடாது. ஆழத்து நீருக்கு மின்சார நீர்மூழ்கிப் பம்பை அமர்த்திக் கொள்ள வேண்டும். எவரேனும் உள்ளே மயங்கி விழுந்தால், மற்றவர் இறங்காமல் உடனே 101 எண்ணில் தீயணைப்பு நிலையத்தை அழைக்க வேண்டும்.

தீ விபத்து நேர்ந்தால்

பெட்ரோல் தீயின்மீது தண்ணீரைக் கொட்டலாகாது. பெட்ரோல் நீரில் மிதந்து தீயை மேலும் பரப்பும். மணல், ஈரச் சாக்கு, உலர் தூள் தீயணைப்பான் ஆகியவற்றால் மூடி அணைக்க வேண்டும். ஆடையில் தீப்பற்றியவர் ஓடலாகாது. தரையில் படுத்து உருள வேண்டும். தீப்புண்ணைக் குளிர்ந்த ஓடும் நீரில் இருபது நிமிடம் காட்ட வேண்டும். மாவு, மை, மஞ்சள், பற்பசை எதுவும் தடவாமல், சுத்தமான துணியால் தளர்வாக மூடி மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

பஞ்சாயத்துகள் செய்யத்தக்கவை

பொதுச் சொத்தான எஞ்சின் பலர் கையில் புழங்குவதால், அதனைத் தம்முடையதென்று பேணுபவர் எவரும் இல்லாமற் போவது இயல்பு. ஒருவர் ஊற்றியிருப்பார் என்று மற்றவர் எண்ணி, எண்ணெய் பாராமலே ஓட்டுகின்றனர். இக்குறையை நீக்கப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் சில ஏற்பாடுகளைச் செய்யலாம். ஒவ்வொரு எஞ்சினுக்கும் பயிற்சி பெற்ற ஒருவரைப் பொறுப்பாக நியமித்தல். நாள், ஓடிய மணி, ஊற்றிய பெட்ரோல், பார்த்த எண்ணெய் அளவு, கையெழுத்து ஆகிய ஐந்து கட்டங்கள் கொண்ட நோட்டு ஒன்றை எஞ்சினுடன் வைத்தல். வலைப் புனல், மூடியுள்ள உலோக டின், மணல் வாளி ஆகியவற்றை வாங்குதல். உற்பத்தியாளரின் புத்தகத்தைப் பீரோவில் பூட்டாமல், தமிழில் சுருக்கி எழுதிச் சுவரில் ஒட்டுதல் ஆகியவை பெருஞ்செலவு இன்றிச் செய்யக் கூடியவை. எண்ணெய்ப் பத்தி காலியாக இருக்கும் நாளில் எஞ்சினை வெளியே அனுப்புவதில்லை என்று பஞ்சாயத்து தீர்மானம் செய்துகொண்டால், பழுது பார்க்கும் செலவு பெரிதும் குறையும். வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலர்களை அழைத்து, அறுவடை முடிந்த ஓய்வுக் காலத்தில் ஒரு நாள் செயல் விளக்கம் நடத்தினால், சொந்த எஞ்சின் வைத்துள்ள உழவர்களும் பயன் பெறுவர். அவ்விளக்கத்திற்குப் பெண்களையும் அழைக்க வேண்டும். பெட்ரோல் டின் வைக்கப்படும் வீட்டில் அடுப்பை ஏற்றுபவர்கள் பெரும்பாலும் அவர்களே.

வெள்ளம் வருமுன் அணை கோலுதல் நம் முன்னோர் காட்டிய வழி. காலையில் எஞ்சினைச் சமதரையில் வைத்து எண்ணெய் பார்த்தலும், குளிர்ந்த பின் திறந்தவெளியில் பெட்ரோல் ஊற்றுதலும் ஏர் பூட்டுமுன் நுகத்தடியையும் கயிற்றையும் பார்க்கும் பழக்கத்தைப் போலவே நம் உழவர்களிடம் வேரூன்ற வேண்டும். உழவர் பெருமக்களும் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் இம்முறைகளை இன்றே மேற்கொண்டு, தம் இல்லத்திலும் ஊரிலும் உள்ள இளைஞர்களுக்கும் கற்பிப்பார்களாக.